கீழே கிடக்கும்போது தோள்பூட்டிலிருந்து தப்புவது எப்படி: நெல்லைச் சீமை ஜியு-ஜிட்சு பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

போன வாரம் பயிற்சி முடிந்து மேட் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றார். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன். சிறு வயதிலிருந்து கபடி ஆடியவர், எதிராளியைத் தரையில் பிடித்துப் பூட்டுகிற ஜியு-ஜிட்சுவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. "அண்ணாச்சி, அவன் கைய முறுக்க ஆரம்பிச்ச பெறவு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"முறுக்க ஆரம்பிச்ச பெறவு டேப்தான் பண்ணணும் தம்பி" என்றேன். டேப் என்றால் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது. அவர் முகம் வாடிவிட்டது. ஏதோ ஒரு ரகசியப் பிடியைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் முறுக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அன்றைக்கு அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஆசான்மார் பிடிவரிசை சொல்லிக்கொடுக்கும்போது மாட்டுவதைப் பூட்டு என்பார்கள், அதிலிருந்து கழன்று வருவதைப் பிரிவு என்பார்கள். அந்த வார்த்தைகளையே நானும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே பேசப்போவது இரண்டு பூட்டுகளைப் பற்றி: அமெரிக்கானா, கிமுரா. நீங்கள் கீழே கிடக்கிறீர்கள், எதிராளி மேலே இருந்து உங்கள் தோளைக் குறிவைக்கிறார் என்பதுதான் நிலைமை. ஓமோபிளாட்டாவும் தோள்பூட்டுதான். போர்த்துக்கீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தோள்பட்டை எலும்பு என்று பொருள். ஆனால் அது பெரும்பாலும் கீழே இருப்பவர் காலால் போடுவது. நீங்கள் மேலே இருக்கும்போது சந்திக்கிற சிக்கல் என்பதால் அதை இங்கே எடுக்கவில்லை.

தோள் ஏன் இவ்வளவு சீக்கிரம் மாட்டுகிறது

இடுப்பு மூட்டை ஆட்டுரலில் உட்கார்ந்த குழவி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குழி ஆழம், குழவி அசையுமே தவிர வெளியே வராது. தோள் அப்படி இல்லை. சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. குழி ஆழமே இல்லை, மேல்கை எலும்பின் உருண்டை அதைவிடப் பெரியது. அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அந்தப் பழம் தட்டை விட்டு உருளாமல் பார்த்துக்கொள்வது சுற்றியிருக்கும் நான்கு சிறிய தசைகளும் அவற்றின் தசைநார்களும், மூட்டை மூடியிருக்கும் உறையும்தான். தோள்பூட்டு தாக்குவது இவற்றைத்தான்.

முழங்கை 90 டிகிரி அளவுக்கு மடங்கியிருந்தால் உங்கள் முன்கை ஒரு கைப்பிடியாகிவிடுகிறது. அதைப் பிடித்துத் திருப்பினால் திருகல் முழுவதும் தோளுக்குப் போகும். உள்ளங்கை வானத்தைப் பார்க்க, கை உங்கள் காதுப் பக்கம் தரையில் அழுந்தியிருக்கும்போது திருப்பினால் அமெரிக்கானா. கை இடுப்புப் பக்கம் இறங்கி, போலீஸ்காரர் கையைப் பின்னால் மடக்குகிற மாதிரி முதுகுப் பக்கம் ஏறினால் கிமுரா. ஜூடோவில் முதலாவதன் பெயர் உதே-கராமி, இரண்டாவது கியாகு உதே-கராமி.

கிமுரா என்ற பெயர் வந்த கதை நம் விஷயத்தோடு நேராகச் சேர்ந்தது. 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனிரோவில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும், பிரேசிலிய ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்து எலியோ கிரேசியும் மோதினார்கள். கிமுரா எறிந்து, மேலே ஏறி, இந்தப் பூட்டைப் போட்டார். கீழே கிடந்த எலியோ டேப் செய்யவில்லை. கை உடைந்தது. அவருடைய அண்ணன் கார்லோஸ் துண்டை வீசித்தான் சண்டையை நிறுத்தினார். ஜெயித்தவர் மேல் இருந்த மரியாதையில் கிரேசி குடும்பத்தார் அந்தப் பூட்டுக்கே அவர் பெயரை வைத்தார்கள். அறுபது வருஷம் கழித்து, 2011 டிசம்பரில் யுஎஃப்சி 140 என்கிற கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியில் ஃபிராங்க் மிர் இதே பூட்டால் அந்தோனியோ ரோட்ரிகோ நொகேரோவின் மேல்கை எலும்பை உடைத்தார். நொகேரோ உலகமே கொண்டாடிய தரைச்சண்டை வீரர். இத்தனை பெரிய ஆட்களுக்கே முறுக்கு ஏறிய பிறகு வழி இல்லை என்றால், நான்கு மாதம் பழகியவருக்கு எப்படி இருக்கும்? அதனால் நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு.

முழங்கை விலாவை விட்டுப் பிரிகிற நொடி

பூட்டு விழுவது முறுக்கும்போது அல்ல. உங்கள் முழங்கை விலாவை விட்டு விலகும்போதே பாதிப் பூட்டு விழுந்துவிட்டது. மேலே இருப்பவருக்கு உங்கள் கை வேண்டுமென்றால் முதலில் உங்கள் அக்குளில் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைப் பெரும்பாலும் நாமேதான் கொடுக்கிறோம்.

காலையில் டீக்கடைக்குப் போகிற பெரியவர்கள் பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையாலும் டீ கிளாஸை வாங்குவார்கள், சில்லறை எண்ணுவார்கள், பேப்பர் கீழே விழாது. அதுதான் நமக்கு வேண்டிய கை. வேலை எல்லாம் முழங்கைக்குக் கீழே நடக்க வேண்டும், மேல்கை உடம்போடு இருக்க வேண்டும். நான் புதியவர்களுக்கு உண்மையிலேயே இரண்டு அக்குளிலும் மடித்த பேப்பரைக் கொடுத்து, கீழே படுக்க வைத்து, நகரச் சொல்வேன். பத்து நிமிஷத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும், எத்தனை தடவை கையை விரிக்கிறோம் என்று.

கபடியிலிருந்து வருகிறவர்களுக்கு இது கூடுதல் சிரமம். கையை நீட்டித் தொடுவதும் எட்டிப் பிடிப்பதும் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அந்த வேகமும் இடுப்புப் பலமும் ஜியு-ஜிட்சுவுக்குப் பெரிய வரம். நீட்டிய கை மட்டும் இங்கே எதிராளிக்குக் கொடுத்த கை. சிலம்பம் பழகிய பிள்ளைகளுக்கு வேறொரு ஆபத்து: தோள் நன்றாக நெகிழும், அதனால் வலி தாமதமாகத் தெரியும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் வலியும் காயமும் சேர்ந்தே வரும்.

கை எப்படிப் பறிபோகிறது என்று கவனித்தால் மூன்று பழக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மேலே இருப்பவரின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து நேராகத் தள்ளுவது முதலாவது. பதற்றத்தில் அவர் கழுத்தையோ முதுகையோ கட்டிப்பிடிப்பது அடுத்தது. அவர் நகராமல் இருக்கிறார் என்று தோன்றும், ஆனால் உங்கள் அக்குள் முழுசாகத் திறந்து கிடக்கும். மூன்றாவது, திரும்பி எழுந்திருக்க நினைத்துத் தலைக்கு மேல் கையைத் தரையில் ஊன்றுவது. இந்த மூன்றையும் விட்டாலே, என் அனுபவத்தில், பாதிப் பூட்டுகள் வராது.

படி 1: முட்டுக்கட்டை போடுங்கள்

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் வரும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நிற்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுக்கிற தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்த மரக்கட்டைதான். கட்டையைப் பிடித்திருப்பவர் தேரோடு பலப்பரீட்சை செய்வதில்லை. சரியான நேரத்தில், சரியான கோணத்தில் கட்டையைச் செருகுகிறார். பாரத்தைக் கட்டை தாங்குகிறது.

ஜியு-ஜிட்சுவில் ஃபிரேம் என்று சொல்வது இதைத்தான். உங்கள் முன்கை எலும்புதான் கட்டை. சைடு கண்ட்ரோலில், அதாவது எதிராளி பக்கவாட்டிலிருந்து உங்கள் நெஞ்சை அமுக்கிக் கிடக்கிற நிலையில், அவர் உங்கள் வலப்பக்கம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வலக்கை முன்கை அவர் இடுப்பெலும்பில் முட்ட வேண்டும். இடக்கை முன்கை அவர் கழுத்துக்கும் காறை எலும்புக்கும் குறுக்கே முட்ட வேண்டும். இரண்டு முழங்கையும் உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்க வேண்டும். உள்ளங்கையால் தள்ளக் கூடாது. உள்ளங்கையால் தள்ளினால் கை நீளும், நீண்ட கையின் மணிக்கட்டு அவர் கைக்கு எட்டும்.

முட்டு போட்டதும் அவரைத் தூக்க முயலாதீர்கள். அவர் அப்படியே இருக்கட்டும், நீங்கள் நகருங்கள். பிரிட்ஜ் செய்து இடுப்பைத் தூக்கி, இறங்கும்போது இடுப்பை அவரிடமிருந்து விலக்கி, வலக்காலின் முழங்காலை நடுவில் நுழையுங்கள். இதுதான் ஹிப் எஸ்கேப். முட்டும் ஹிப் எஸ்கேப்பும் சேர்ந்து ஓடுகிற ஆளுக்குத் தோள்பூட்டு போடுவது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் பூட்டு போட எதிராளி முதலில் உங்களை அசையாமல் நிறுத்த வேண்டும்.

படி 2: மணிக்கட்டைப் பிடித்துவிட்டார், இன்னும் பூட்டவில்லை

இங்கேதான் அதிகம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் தப்பிக்கிற வாய்ப்பில் பெரும்பங்கு இந்த ஒன்றிரண்டு நொடியில் இருக்கிறது.

மேலே சொன்ன அதே நிலை. அவர் வலப்பக்கம், குறிவைப்பது உங்கள் இடக்கையை. மணிக்கட்டைப் பிடித்து உங்கள் காதுப் பக்கம் தரைக்கு அழுத்துகிறார் என்றால் அமெரிக்கானா வருகிறது. எல்லோரும் செய்வது கையை மேலே தூக்கி எதிர்ப்பது. கை பலம் மட்டும் அவருடைய உடம்பு பாரத்தை எதிர்த்து எவ்வளவு நேரம் நிற்கும்? அதற்குப் பதில் சின்னதாக ஒரு பிரிட்ஜ் செய்து, அந்தத் தளர்ச்சியில் முழங்கையை இடுப்பை நோக்கி இழுங்கள். கையும் கூடவே நெஞ்சுக்கு முன்னால் வர வேண்டும். வந்ததும் இடக்கையால் உங்கள் வலக்கையைப் பற்றிக்கொள்ளுங்கள். கி என்கிற பயிற்சி அங்கி போட்டிருந்தால் உங்கள் காலரையோ பெல்ட்டையோ பிடிக்கலாம்.

ஒரு நுணுக்கம். புறங்கை தரையில் அழுந்தி, அவர் இரண்டு கையையும் கோத்துப் பூட்டிய பிறகு முழங்கையை இடுப்புப் பக்கம் இழுக்காதீர்கள். அமெரிக்கானாவை முடிக்க அவரே உங்கள் முழங்கையை அந்தத் திசையில்தான் இழுப்பார். நீங்களும் இழுத்தால் அவர் வேலையை நீங்கள் செய்துகொடுத்த மாதிரி. கை தரையைத் தொடுவதற்கு முன்னால் இதே அசைவு மருந்து, தொட்ட பிறகு விஷம். பல வருஷம் பழகியவர்கள்கூட இதைக் கலந்துவிடுகிறார்கள்.

மணிக்கட்டை இடுப்புப் பக்கம் கீழே தள்ளுகிறார் என்றால் கிமுரா வருகிறது. கையை ஒளித்து வையுங்கள். சொந்தத் தொடையின் உள்பக்கம், ஷார்ட்ஸின் விளிம்பு, பெல்ட், இல்லையென்றால் மறு கை. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து இறுக்கிப் பற்றுங்கள். விரல்களைக் கோத்துக்கொள்ளாதீர்கள். கோத்த விரலைப் பிரிக்கும்போது விரலுக்கே கேடு.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். அவர் இரண்டு கையையும் உங்கள் ஒரே கையில் செலவழித்துவிட்டார். உங்கள் தலையை அமுக்கக் கை இல்லை, இடுப்பைத் தடுக்கக் கை இல்லை. புதியவர்கள் இந்த நேரத்தில் பிடித்த பிடியில் உறைந்துபோய்க் கிடப்பார்கள். அது தப்பு. கை பூட்டைத் தாமதப்படுத்தத்தான் உதவும், தப்பிக்க வைப்பது இடுப்பு. பிடியை இறுக்கிய அதே மூச்சில் ஹிப் எஸ்கேப் செய்து முழங்காலை நுழையுங்கள். அவர் பூட்டை விடாமல் பிடித்திருந்தால் நீங்கள் கார்டுக்கு, அதாவது அவரை உங்கள் கால்களுக்கு நடுவில் வைக்கிற நிலைக்கு, வந்துவிடலாம். விட்டுவிட்டு உங்கள் இடுப்பைத் தடுக்க வந்தால் கை தப்பியது.

அவர் உங்கள் தலைக்கு மேல் காலைத் தாண்டி வைக்க வருவார். கிமுராவை முடிக்க அவருக்கு அந்த இடம் வேண்டும். கால் மேலே எழும்புகிற நொடியில் அவர் பாரம் குறையும். அந்த நொடியில் பிரிட்ஜ் செய்யுங்கள், கைகள் பற்றியே இருக்கட்டும், தலையைத் தரையோடு வைத்து அவர் தொடைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

படி 3: பூட்டு விழுந்துவிட்டது, முறுக்கு இன்னும் ஏறவில்லை

கை சும்மா இருக்கும்வரை நெஞ்சு எதிராளியைப் பார்த்து இருக்கலாம், அதுதான் நல்லது. கை பூட்டில் இருக்கும்போது நெஞ்சு அந்தக் கையைப் பார்த்துத் திரும்ப வேண்டும். கை மாட்டிய பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினால் கை உங்கள் முதுகுக்குப் பின்னால் போகும், உங்கள் தோளை நீங்களே திருகியதாகிவிடும். அமெரிக்கானா என்றாலும் கிமுரா என்றாலும் இந்த விதி ஒன்றுதான். கை போன பக்கம் உடம்பும் போனால் கை மறுபடி நெஞ்சுக்கு முன்னால் வந்துவிடும், நெஞ்சுக்கு முன்னால் இருக்கிற கையைப் பூட்ட முடியாது.

இதில் விலை ஒன்று உண்டு. அப்படித் திரும்பும்போது முதுகைக் காட்டுகிறீர்கள். அதனால் இதை முதல் வழியாக வைக்காதீர்கள். திரும்பியதும் நிற்காமல் முழங்காலுக்கு வந்து, கழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி கையை நீட்டிவிடுவது. முழங்கை மடங்கியிருந்தால்தானே கைப்பிடி? நீட்டினால் கைப்பிடி போய்விட்டது. ஆனால் அமெரிக்கானா, கிமுரா, நேர் கைப்பூட்டு மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கை மேலே இருந்தால் ஒன்று, கீழே இறங்கினால் மற்றது, நீட்டினால் மூன்றாவது உங்கள் முழங்கையில் காத்திருக்கிறது. நல்ல ஆட்டக்காரர் பூட்டின் பிடியை விடாமலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். எனவே நீட்டினால் நீட்டிய இடத்தில் நிற்காதீர்கள். முழங்கையின் முனை அவர் முன்கை மேல் நேராக உட்காராதபடி கட்டைவிரலைச் சுழற்றி, அதே வீச்சில் முழங்கையை விலாவுக்கு இழுத்துவிடுங்கள்.

நம் ஊர் வெயில் ஒரு விதத்தில் இங்கே உதவும். கி இல்லாமல் பழகும்போது பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் வியர்வை வழுக்கும். நீட்டிச் சுழற்றி இழுக்கிற அசைவு வழுக்குகிற கையில் அருமையாக வேலை செய்யும். கி போட்டுப் பழகும்போது துணி பிடித்துக்கொள்ளும், அந்த வழுக்கலை நம்ப முடியாது. இரண்டிலும் பழகிப் பாருங்கள்.

மவுண்டில்

மவுண்டில், அதாவது அவர் உங்கள் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, அமெரிக்கானா விழுவது பெரும்பாலும் நெஞ்சைத் தள்ளுகிற பழக்கத்தால்தான். முழங்கைகளை விலாவில் ஒட்டி, கைகளைக் கழுத்துப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் இடக்கையைப் பிடித்து இடப்பக்கம் தரைக்கு அழுத்தினால் அவருடைய இரண்டு கையும் அந்தப் பக்கம் வந்துவிட்டன. அந்தப் பக்கம் சாய்ந்தால் ஊன்ற அவருக்குக் கை இல்லை. உங்கள் இடக்காலால் அவர் வலப்பாதத்தை அடைத்து, இடத்தோள் பக்கம் சாய்வாக, தோளுக்கு மேல் பார்த்து பிரிட்ஜ் செய்து உருளுங்கள். இதுவும் கை போன பக்கம்தான், கவனித்தீர்களா? கோத்த பூட்டு இறுகுவதற்கு முன்னால் செய்தால் அழகாக உருளும். தாமதித்தால் அவர் தலையை ஊன்றிச் சமாளித்துவிடுவார்.

ஹாஃப் கார்டில்

கீழே ஹாஃப் கார்டில், அதாவது அவருடைய ஒரு காலை மட்டும் உங்கள் கால்களால் பிடித்திருக்கும்போது, அவர் அக்குளுக்கு அடியில் கையை நுழைக்கிற அண்டர்ஹுக் எடுக்கிறோம் என்று கையை அவர் முதுகு மேல் தளர்வாக நீட்டி வைப்பவர்கள்தான் கிமுராவுக்கு இரை. அண்டர்ஹுக் எடுத்தால் ஆழமாக எடுங்கள்: உங்கள் தலை அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், முழங்கை அவர் விலாவில் உரச வேண்டும். இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம்.

கிமுரா பிடி விழுந்துவிட்டால் கையைச் சொந்தத் தொடையில் ஒளியுங்கள், அவர் காலைப் பிடித்திருக்கிற உங்கள் கால்களை விடாதீர்கள். தலைப்பக்கம் சுற்றிப் போகவும் காலைத் தாண்டி வைக்கவும் அவருக்கு அந்தக் கால் வேண்டும். கை பதறும்போது காலை விட்டுவிடுவது எல்லோருக்கும் வருகிற தவறு. கால் பிடித்திருக்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.

தலையைக் கட்டிப் பக்கவாட்டில் உட்காருகிற கேசா-கதாமே பிடியைப் பற்றி இரண்டு வார்த்தை. அதில் அருகில் இருக்கிற கையை நீட்டித் தன் தொடை மேல் மடக்க வருவார். நீங்கள் வலி தாங்காமல் முழங்கையை மடக்கினால், மடக்கிய கையைத் தன் கால்களுக்கிடையில் சொருகி அமெரிக்கானாவாக்கிவிடுவார். இரண்டுக்கும் மருந்து ஒன்று: அவர் காலை எடுப்பதற்கு முன்னால் அவர் பக்கம் ஒருக்களித்து, முழங்கையைத் தரையோடு உரசியபடி உங்கள் விலாவுக்கு இழுங்கள். ஆமை மாதிரி முழங்காலில் சுருண்டு டர்ட்டில் நிலையில் குனிந்திருக்கும்போது கையைத் தரையில் அகலமாக ஊன்றாமல் முழங்கையைத் தொடையோடு ஒட்டி வைத்தால் போதும்.

படி 4: டேப்

பிடி பிரிகிற நொடியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் ஷார்ட்ஸைப் பிடித்திருக்கிறீர்கள், அவர் முழுப் பலத்தோடு இழுக்கிறார். பிடி கழன்றால் அந்த இழுப்பு முழுவதும் ஒரே வீச்சில் தோளுக்குப் போகும். என் வலத்தோள் போனது அப்படித்தான். பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில் ஒரு பயிற்சிக்கூடத்தில். கையில் இன்னும் பலம் இருக்கிறது என்று விடாமல் பிடித்திருந்தேன். பிடி கழன்றபோது டேப் செய்ய நேரமே இல்லை, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. அங்கே இருந்தவர்கள் எண்ணெய் போட்டு நீவி, மறுநாளே வரச் சொன்னார்கள். நானும் போனேன். எட்டு மாதம் சட்டை போட வீட்டில் ஒருவர் உதவ வேண்டியிருந்தது.

அதனால் என் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கிற விதி: பயிற்சியில், பிடி கழலப் போகிறது என்று தெரிந்தால் கழலுவதற்கு முன்னாலேயே டேப். முழங்கை தரையை விட்டு எழும்பி, கை முதுகுப் பக்கம் போக ஆரம்பித்தால் டேப். வலிக்காகக் காத்திருக்காதீர்கள்.

சும்மா இருக்கிற கையால் எதிராளியின் உடம்பில் அவருக்குத் தெரிகிற மாதிரி இரண்டு மூன்று தடவை தட்டுங்கள். தரையில் மெதுவாகத் தட்டினால் சத்தத்தில் கேட்காது. கை மாட்டியிருந்தால் காலால் தரையைத் தட்டுங்கள், இல்லை வாய்விட்டு "டேப்" என்று சொல்லுங்கள். போட்டி விதியிலும் வலியில் கத்தினாலே டேப் செய்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மேலே இருப்பவருக்கும் ஒரு சொல்: பயிற்சியில் தோள்பூட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மூன்று நொடி எடுத்து ஏற்றுங்கள். கீழே கிடப்பவர் நாளைக்கும் உங்களோடு பழக வர வேண்டும்.

எப்படிப் பழகுவது

முதல் வாரம் தனியாக. அக்குளில் பேப்பரோடு பிரிட்ஜ், ஹிப் எஸ்கேப், முட்டு போடுகிற கை அசைவு. தாமிரபரணியில் குளிக்கப் போகிறவர்கள் கரை மணலில் ஹிப் எஸ்கேப் செய்து பாருங்கள். மணல் கால் ஊன்ற விடாது, இடுப்பு தானாக வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். பத்தமடைப் பாயை விரித்து சிமெண்ட் தரையில் பழகுவதாக ஒருவர் சொன்னார். அந்தப் பாய் படுத்துத் தூங்க அருமையானது, விழுந்து எழ அல்ல. தடிமனான மேட் இல்லையென்றால் ஆற்று மணலே மேல்.

இரண்டாவது வாரம் துணையோடு. அவர் சைடு கண்ட்ரோலில் இருந்து மெதுவாக மணிக்கட்டைப் பிடிக்கட்டும், நீங்கள் முழங்கையை மீட்டு வாருங்கள். ஒவ்வொரு பக்கமும் இருபது தடவை. பலம் வேண்டாம், நேரம் பழகட்டும். மூன்றாவது வாரம் அவர் மணிக்கட்டைப் பிடித்த நிலையிலிருந்து தொடங்கி, மூன்று நிமிஷச் சுற்றுகள். அவர் மேலே இருந்து அமெரிக்கானா, கிமுரா, நேர் கைப்பூட்டு மூன்றையும் மாற்றி மாற்றித் தேடலாம், நீங்கள் கார்டுக்கு வந்தால் மறுபடி தொடக்கம். நான்காவது வாரம்தான் முழு ரோல், அதாவது முழுப் பயிற்சிச் சண்டை.

தோளுக்கென்று தினமும் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். முழங்கையை விலாவில் வைத்து ரப்பர் பேண்டை வெளிப்பக்கமும் உள்பக்கமும் மெதுவாக இழுப்பது, சுவரில் கை வைத்துத் தோள்பட்டை எலும்பை மட்டும் முன்னும் பின்னும் அசைப்பது. இரண்டே போதும்.

அடிபட்டால்

கையைத் தூக்க முடியவில்லை, தோளின் வடிவம் மாறியிருக்கிறது, விரல் மரத்துப்போகிறது, மேல்கையில் சத்தம் கேட்டது. இதில் எது இருந்தாலும் யாரையும் நீவ விடாதீர்கள், இழுத்துப் பொருத்தவும் விடாதீர்கள். துண்டால் கையை நெஞ்சோடு கட்டி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள எலும்பு மருத்துவரிடமோ நேராகப் போய் எக்ஸ்ரே எடுங்கள். தசைநார் கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் பலம் திரும்பவில்லை என்றால் மறுபடி போய் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு திரும்பி வரும்போது, முதல் சில வாரம் அடிபட்ட கையைப் பெல்ட்டுக்குள் சொருகிக்கொண்டு, நம்பிக்கையான ஒரே ஆளோடு மட்டும் பழகுங்கள். ஒரு கை இல்லாமல் முட்டும் இடுப்பும் மட்டும் வைத்துத் தப்பிக்கப் பழகிய அந்த மாதங்களில்தான் நான் ஹிப் எஸ்கேப்பை உண்மையாகக் கற்றுக்கொண்டேன். அம்பாசமுத்திரம் தம்பிக்கும் இப்போது, அடிபடாமலேயே, வாரம் ஒரு நாள் அப்படித்தான் பயிற்சி வைத்திருக்கிறேன்.